மகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் பள்ளி நேரம் முழுவதும் பெற்றோர் உடன் இருக்க வேண்டுமாம். என்ன செய்வது?

கேள்வி: எட்டு வயதுப் பெண்ணின் அப்பா

வணக்கம். என் மகளுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் இறுக்கமாக இருக்கும். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் வீட்டுக்குள் நடப்பாள், வெளியே என்றால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வலது கை நன்றாக இயங்கும், இடது கை சொன்னபடி கேட்காது. பேச்சு இழுக்கும், ஆனால் பழகியவர்களுக்கு எல்லாம் புரியும். அண்ணனுடைய பழைய பாடப்புத்தகங்களைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அவன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிவிடுவாள். அதற்காக இருவருக்கும் தினமும் சண்டை.

அவன் படிக்கும் பள்ளியிலேயே இவளையும் சேர்க்கக் கேட்டேன். தலைமை ஆசிரியர் மறுக்கவில்லை, மரியாதையாகவே பேசினார். ஆனால் நானோ என் மனைவியோ பள்ளி முடியும்வரை வகுப்பறை வாசலில் இருக்க வேண்டும் என்கிறார். குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது என்பது அவருடைய கேள்வி. நாங்கள் இருவருமே தினக்கூலிகள். ஒருவர் பள்ளியில் உட்கார்ந்தால் அன்றைய வருமானத்தில் பாதி இல்லை. முடியாவிட்டால் தொலைவில் ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது, விடுதியில் விடுங்கள், அங்கே தினமும் பயிற்சி கொடுப்பார்கள் என்று சொல்கிறார்.

வகுப்பறைக்கு ஏற மூன்று படிகள். கழிப்பறை மைதானத்தின் கோடியில் இருக்கிறது. குந்தி உட்காரும் வகை, கதவும் குறுகல். எங்களிடம் நன்கொடையாக வந்த சக்கர நாற்காலி ஒன்று உண்டு. அது பெரியவர்களுக்கானது, அதில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறாள்.

எதை முதலில் கேட்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சிறப்பாசிரியை

தம்பி, பெற்றோர் நாள் முழுவதும் உடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் சில நாட்களுக்கு மட்டும் என்று கேட்டால் சரி, ஆனால் அது எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூலி போவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் மகள். அப்பா வாசலில் இருக்கும்வரை பள்ளியில் எவரும் அவளோடு பழகக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். பென்சில் விழுந்தாலும் உங்களைக் கூப்பிடுவார்கள். அவள் ஏதாவது சொன்னால் ஆசிரியர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்களும் பாசத்தில் அவளுக்காகப் பேசிவிடுவீர்கள். பேச்சு இழுக்கும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. பிறகு நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவளுக்கும் அன்று பள்ளி கிடையாது.

ஏழைக் குடியிருப்புகளில் உள்ள பள்ளிகளுக்குப் போய்வருவதுதான் என் வேலை. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் பள்ளி வாசலையே மிதிக்காமல் இருக்கும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 49 சதவீதம் அதிகம் என்று யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நான் அதிகம் பார்ப்பது அதற்கு அடுத்த கட்டத்தை: சேர்ந்து, பெயர் பதிவாகி, சில மாதங்களில் நின்றுபோகும் பிள்ளைகள். அவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டால் மழை, தூரம், உடம்பு சரியில்லை என்பார்கள். நான் எழுந்து கிளம்பும் நேரத்தில் அம்மா மெல்லச் சொல்வார்: பள்ளியில் சிறுநீர் போக வழியில்லை, ஒருநாள் உடையிலேயே போய்விட்டது, பிள்ளைகள் சிரித்தார்கள், அதற்குப் பிறகு போக மாட்டேன் என்கிறது. பாடம் புரியாமல் நின்றவர்களைவிடக் கழிப்பறையால் நின்றவர்களையே நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

ஆகவே சாய்தளத்துக்கு முன்பே கழிப்பறையைப் பற்றிப் பேசுங்கள். மூன்று படிகளை, தற்காலிகமாகவாவது, இரண்டு பெரியவர்கள் சேர்ந்து நாற்காலியோடு ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடலாம். கழிப்பறையைச் சமாளிக்க முடியாது. எல்லாக் கழிப்பறைகளையும் இடித்துக் கட்டச் சொல்லவில்லை, ஒன்று போதும். கதவைத் திறந்தால் 80 சென்டிமீட்டராவது வழி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஏனென்றால் குழந்தை உள்ளே கதவை ஒட்டி விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில், வெளியிலிருந்தும் அவசரத்துக்குத் திறக்கக்கூடியதாக. குந்தும் பீடத்தின் மேல், நடுவில் துளையிட்ட, கால் ஆடாத உறுதியான நாற்காலி. இரு பக்கமும் பிடிமானக் கம்பி. தண்ணீர் அவள் வலது கைப்பக்கம். தரை ஈரமில்லாமல் இருக்க யார் எப்போது துடைப்பார்கள் என்பதும் முடிவாக வேண்டும். ஈரத் தரையில் இறுகிய கால் நிற்காது.

இன்னொன்றைத் தயங்காமல் கேளுங்கள்: கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார்கள்? பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அது அவர்களுக்கும் நல்லதல்ல, அவளுக்கும் பாதுகாப்பல்ல. உடலைத் தொட்டு உதவ வேண்டிய குழந்தைகள் தவறான தொடுதலுக்கு ஆளாகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பள்ளியில் வேலை செய்யும் பெண்கள் இருவர், பெயர் குறிப்பிட்டு, ஒருவர் வராத நாளில் மற்றவர் என்று இருக்கட்டும். அந்த இருவரில் யாரைப் பிடிக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். எப்படித் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை ஒருநாள் நேரில் காட்டிவிடுங்கள். பாடவேளைக்கு நடுவில் கேட்கக் கூச்சப்படுவாள் என்பதால் இடைவேளை தொடங்குவதற்குச் சற்று முன்பே போய்வர நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். பெரியவர்களுக்கான நாற்காலியில் சரிகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைச் சாதாரணமாக விடாதீர்கள். இருக்கை அகலம் இடுப்பின் அகலத்தைவிட மிகச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அகன்ற இருக்கையில் ஆண்டுக்கணக்கில் சரிந்து உட்காரும் வளரும் குழந்தையின் முதுகெலும்பும் வளையும், சக்கரத்துக்குக் கையும் எட்டாது. சக்கர நாற்காலி வழங்குவது பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் எட்டுப் படிநிலைகளைச் சொல்கின்றன. அளவெடுப்பது, உடலுக்குப் பொருத்துவது, ஓட்டப் பழக்குவது, பிறகும் வந்து பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். உங்களுக்குக் கிடைத்தது நாற்காலி மட்டும். அருகில் உள்ள இயன்முறை மருத்துவரிடம் கொண்டுபோய், வேறு நாற்காலி கிடைக்கும்வரை இரு பக்கமும் முதுகிலும் கெட்டியான பஞ்சுத் திண்டு வைத்துப் பொருத்தித் தரக் கேளுங்கள்.

வகுப்பில் உட்காரத் தனி இருக்கை நல்லது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கி, பாதம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் அவள் விழாமல் இருப்பதற்கே வலது கையைப் பயன்படுத்துவாள், எழுதுவதற்கு அந்தக் கை மிஞ்சாது. பல பிள்ளைகளை எழுத வராதவர்கள் என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பாதத்தின் கீழ் ஒரு மரப்பெட்டி வைத்ததும் எழுத்து திருந்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய அட்டைப் பெட்டிகளையும் காகிதத்தையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து இப்படிப்பட்ட இருக்கைகள் செய்யும் முறை ஜிம்பாப்வேயில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. ஒவ்வொரு குழந்தையின் அளவுக்கும் செய்யலாம், மரம் போல உறுதியாக நிற்கும், பெரிய செலவு இல்லை.

உரிமை பற்றியும் ஒரு சொல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. அதன் 24ஆவது பிரிவு, பொதுக் கல்வியிலிருந்து மாற்றுத்திறன் காரணமாக ஒரு குழந்தையை விலக்கக் கூடாது என்கிறது, அந்தக் குழந்தைக்குத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்யவும் சொல்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இருக்கிற ஏற்பாட்டுக்கு நீயே பொருந்திக்கொள் என்று விடுவது முழுமையான கல்வி உரிமை ஆகாது என்பதை அந்தப் பிரிவுக்கு 2016இல் வந்த ஐ.நா. விளக்கவுரை தெளிவாக்குகிறது. தலைமை ஆசிரியர் மரியாதையாகப் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சட்டத்தை முதலில் எடுத்து நீட்ட வேண்டாம். அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதிலோடு போங்கள்.

பதில்: மூன்றாம் வகுப்பு ஆசிரியர்

மேலே அம்மா எழுதியதை ஏற்கிறேன். ஆனால் வகுப்பறையின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். நிரம்பி வழியும் வகுப்பு, உதவிக்கு ஆள் இல்லை, ஒரு குழந்தை கீழே விழுந்தால் விசாரணை என் மேல்தான் வரும். தலைமை ஆசிரியர் வெறுப்பில் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். பயத்தில் சொல்கிறார். அந்தப் பயத்துக்கு விவரம்தான் மருந்து.

வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவளால் தானாகச் செய்ய முடிந்தவை முதலில் வரட்டும், பிறகு உதவி வேண்டியவை. ஆம், இல்லை என்பதை அவள் எப்படிக் காட்டுவாள், சோர்ந்தால் எப்படித் தெரியும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் இருக்கும். உங்கள் மகளுக்கு உண்டா இல்லையா, மருந்து எடுக்கிறாளா என்பது கட்டாயம் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

பாடத்தில் பெரிய மாற்றம் தேவைப்படாது. பத்துக் கணக்கு எழுதச் சொன்னால் அவள் ஐந்து எழுதட்டும், மீதியை வாய்மொழியாகச் சொல்லட்டும். கணக்கின் கடினத்தைக் குறைக்க வேண்டாம், எழுதும் அளவைக் குறைத்தால் போதும். இடது கையால் தாளைப் பிடிக்க முடியாதென்றால் நான்கு மூலையிலும் பசைநாடாவால் மேசையோடு ஒட்டிவிடலாம். பென்சிலைச் சுற்றித் துணி கட்டித் தடிமனாக்கலாம். பேச்சு இழுக்கும் என்பதால் அவளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதுதான் ஆசிரியருக்கு உண்மையான சவால். வகுப்பில் அந்த மௌனம் நீளமாகத் தெரியும், வேறு பிள்ளை விடையைச் சொல்லிவிடும். அதை அனுமதிக்கக் கூடாது.

ஒரே ஒரு நல்ல பிள்ளையைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுவதும் நாற்காலி தள்ளும் வேலையைக் கொடுப்பதும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு போகும், உங்கள் மகளுக்குத் தோழிக்குப் பதில் ஓர் உதவியாள் கிடைப்பாள். முறை வைத்து மாற்றலாம். உங்கள் மகளும் வகுப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும். நன்றாக வாசிப்பவள் என்கிறீர்கள், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு அவளே சொல்லித்தரட்டும்.

பதில்: சக்கர நாற்காலியில் பள்ளி சென்றவள்

எனக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சாதாரணப் பள்ளியில்தான் முழுப் படிப்பும்.

ஐயா, உங்கள் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவள் தண்ணீர்ப் புட்டியைக் கவனியுங்கள். மாலையில் நிரம்பியபடியே திரும்பி வந்தால், கழிப்பறையில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வாயால் சொல்ல மாட்டாள். நானும் சொல்லவில்லை. காலையிலிருந்து குடிக்காமல் இருந்துவிடுவேன். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, படிப்பும் அதனால்தான் தடைபட்டது. எனக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். கிருமி முழுதாக நீக்கிய குழாய் தேவையில்லை, சுத்தமான குழாயும் சுத்தமான கையும் போதும் என்பதை 1972இலேயே மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டிவிட்டார். எளிய வேலை அது. தண்ணீரும் சோப்பும் தாழ்ப்பாளும் இருக்கும் ஓர் அறை மட்டும் வேண்டும். அந்த அறை கிடைத்த வகுப்பிலிருந்துதான் நான் ஒழுங்காகப் படித்தேன்.

விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எல்லா ஊரிலும் கேட்கப்பட்டதுதான். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிய ஜூடித் ஹியூமன், போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த சிறுமி. தீவிபத்து வந்தால் உன் நாற்காலி ஆபத்து என்று சொல்லி ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். வளர்ந்து ஆசிரியர் பணிக்கு வந்தபோதும் அதே காரணத்தைச் சொன்னார்கள். 1970இல் வழக்குத் தொடுத்தார், ஆசிரியரானார். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கிவிடாதீர்கள். வெளியேற வேண்டிய நேரத்தில் அவளை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பெயர் சொல்லி வைப்பதுதான் பாதுகாப்பு.

கேட்டவர்: எட்டு வயதுப் பெண்ணின் அப்பா

எல்லோருக்கும் மிக்க நன்றி. தண்ணீர்ப் புட்டி விஷயம் எங்களுக்குத் தோன்றியிருக்கவே செய்யாது. வலிப்பு இதுவரை வந்ததில்லை. படிகளை அளந்தேன், ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர்.

அம்மா, இரண்டு சந்தேகம். சிறப்புப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் தினப் பயிற்சி போய்விடுமே, அதனால் அவள் கால்கள் இன்னும் கெட்டுவிட்டால்? இன்னொன்று, தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துப்போய் வாசிக்க வைத்துக் காட்டலாமா? அவள் புத்திசாலி என்று தெரிந்தால் மனம் மாறலாம் என்று மனைவி சொல்கிறாள்.

பதில்: சிறப்பாசிரியை

கால்களைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடிக்கொண்டே போகாது. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது, அதனால் வளர வளர மூட்டுகள் மடங்கிப்போகும். இடுப்பு மூட்டு சிறிது சிறிதாக நழுவக்கூடும், தொடக்கத்தில் வலிகூட இருக்காது. அதற்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எந்தப் பள்ளியில் படித்தாலும் இதை விடக் கூடாது.

பயிற்சிக்காக எட்டு வயதுக் குழந்தையை வீட்டைவிட்டுப் பிரிக்கத் தேவையில்லை. தசையை நீட்டி வைப்பது நாள் முழுவதும் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சரியான இருக்கையில் உட்கார்வதும் பயிற்சி. பிடித்து நிற்கும் சட்டம் ஒன்றை வகுப்பின் ஓரத்தில் வைத்து, ஒரு பாடவேளையில் அவள் அதில் நின்றபடி பாடம் கேட்பதும் பயிற்சி. கரும்பலகையில் நின்று எழுதினால் இரண்டும் ஒன்றாக நடக்கும். அந்தச் சிறப்புப் பள்ளியை எதிரியாக நினைக்க வேண்டாம், அங்கே இருக்கும் அறிவு உங்களுக்குத் தேவை. விடுமுறையில் அழைத்துப்போய்க் காட்டுங்கள், வீட்டிலும் வகுப்பிலும் செய்ய வேண்டியதை எழுதி வாங்குங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவர் பள்ளிக்கு வந்து ஆசிரியருக்குக் காட்டட்டும்.

மூன்று படிகள், மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொதுவான அளவு, ஆக 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும், இவ்வளவு நீளம் எதற்கு என்று கொத்தனார் பாதியாகக் குறைத்துவிடுவார். விடாதீர்கள். செங்குத்தான சாய்தளத்தில் அவளால் தானாக ஏற முடியாது, நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். நேராக இடமில்லையென்றால் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டலாம், திருப்பத்தில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு. மேற்பரப்பு சொரசொரப்பாகவும் இரு ஓரமும் சிறிது உயர்ந்தும் இருக்கட்டும். இப்போது அவளைத் தூக்கிப்போக உங்கள் முதுகு தாங்கும். பன்னிரண்டு வயதில் தாங்காது, அவளும் விரும்ப மாட்டாள். அந்த வயதை நினைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

மனைவியின் யோசனை பாசத்தில் வந்தது, ஆனாலும் வேண்டாம் தம்பி. மற்ற பிள்ளைகள் வாசித்துக் காட்டியா சேர்ந்தார்கள்? உங்கள் மகளுக்கு எழுத்தே தெரியாவிட்டாலும் அந்தப் பள்ளியில் அவளுக்கு இடம் உண்டு. புத்திசாலி என்பதற்காக இன்று சேர்த்துக்கொண்டால், மதிப்பெண் குறையும் ஆண்டில் அதே காரணத்தை எடுத்துக்கொள்வார்கள். அடுத்த தெருவில் இன்னொரு குழந்தை வாசிக்கத் தெரியாமல் வீட்டில் இருக்கலாம், அதற்கும் இதே கதவுதான்.

அவளை அழைத்துப்போவது மட்டும் கட்டாயம் செய்யுங்கள். தலைமை ஆசிரியர் உங்களைப் பார்த்தே பேசினால், அவளிடமே கேளுங்கள் என்று சொல்லுங்கள். பேசி முடித்ததும் கழிப்பறை வரை போய்ப் பாருங்கள். துளையிட்ட நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, கம்பி எந்த உயரத்தில் வந்தால் கை வசதியாக எட்டுகிறது என்பதை அவள் சொல்லச் சொல்லச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பிக்காகச் சுவரில் துளை போடுவது அதற்குப் பிறகு.